மீன் அமிலம்: தழைக்குச் சரி, காய்க்கு வேறு பாருங்கள்

மாடித் தோட்டக்காரர்கள் நான்கு பேர் கூடினால் பேச்சு எங்கே தொடங்கினாலும், மீன் கழிவை வெல்லத்தில் ஊறவைத்துச் செய்யும் இயற்கை உரமான மீன் அமிலத்தில் வந்து நிற்கும். "ஒரு மூடி ஊற்றினேன், செடி மளமளவென்று வந்துவிட்டது" என்று ஆளாளுக்குச் சொல்வதைக் கேட்டுக் கேட்டு, மதுரையில் இயற்கை இடுபொருள் விற்கும் ஒரு கடையில் அரை லிட்டர் பாட்டில் வாங்கினேன். விலை 160 ரூபாய். என் மாடியில் மிளகாய்தான் அதிகம்: சம்பா, கொஞ்சம் குண்டு, தண்ணீர்த் தொட்டி நிழலில் ஒரு காந்தாரி. பாதிச் செடிப் பைகளுக்கு இந்தப் பாட்டில், மீதிக்கு வழக்கமான கடலைப் புண்ணாக்குத் தண்ணீர் என்று பிரித்துக்கொண்டேன். அந்த அனுபவத்தை வைத்து எழுதுகிறேன்.

முதலில் லேபிள். "அனைத்துப் பயிர்களுக்கும், அனைத்துப் பருவத்துக்கும்" என்று பச்சை எழுத்தில் பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். தயாரித்த தேதி இல்லை. தழைச்சத்து (நைட்ரஜன்) எவ்வளவு, சாம்பல்சத்து (பொட்டாசியம்) எவ்வளவு என்ற எண்ணும் இல்லை. 160 ரூபாய் கொடுக்கிறவருக்கு இந்த இரண்டையும் சொல்வது பெரிய சலுகை ஒன்றுமில்லை.

உள்ளே இருந்த சரக்கைக் குறை சொல்ல மாட்டேன். மீன் கழிவும் வெல்லமும் சம எடையில் போட்டு, காற்றுப் புகாமல் மூன்று நான்கு வாரம் ஊறவைத்து வடிகட்டுவதுதான் மீன் அமிலம். பக்குவமாக வந்திருந்தால் தேன் பதத்தில், கரும்பழுப்பாக இருக்கும். வாடை பழுத்த பழத்தின் பக்கம் சாய்ந்திருக்கும். அழுகிய நாற்றம் அடித்தால் அது தேறாத சரக்கு. நான் வாங்கியது தேறியதுதான். ஆனால் மூடியைத் திருகியதும் சோடா பாட்டிலைப் போல 'உஸ்' என்றது. உள்ளே நொதித்தல் இன்னும் அடங்கவில்லை என்று அர்த்தம். வெயிலில் வைத்திருந்தால் பாட்டில் உப்பி, மூடி தெறித்திருக்கும்.

வாடையைப் பற்றிக் கேட்பீர்கள். பாட்டிலில் இருக்கும்வரை தொந்தரவு இல்லை. தண்ணீரில் கலந்து மண்ணில் ஊற்றியதும் மீன் தன் குணத்தைக் காட்டிவிடுகிறது. "மாடியில் கருவாடு காயப் போட்டிருக்கிறாயா அம்மா?" என்று கீழ்வீட்டு அக்கா படியேறி வந்து கேட்டுவிட்டுப் போனார். இரவுக்குள் அடங்கிவிடும். அதற்குள் தெருப்பூனை ஒன்று வந்து ஒரு பையைக் கிளறி, நாற்றைச் சாய்த்துவிட்டது. ஊற்றிய பிறகு மண்மீது காய்ந்த சருகை மூடாக்காகப் போட்டால் பூனைத் தொல்லை குறைகிறது.

அளவுதான் முக்கியமான விஷயம். லிட்டருக்கு 20 மில்லி என்கிறது லேபிள். வயலில் தெளிப்பவர்களே பெரும்பாலும் 10 லிட்டருக்கு 100 மில்லி என்றுதான் கலக்கிறார்கள். பஞ்சகவ்யம் என்றால் 10 லிட்டருக்கு 300 மில்லி, அதாவது 3 சதவீதக் கரைசல். அந்தக் கணக்கை இதற்குப் போடக் கூடாது. பையில் இருப்பது பிடி மண், ஊற்றியது ஓடிப்போக இடம் கிடையாது. அதனால் நான் லிட்டருக்கு 5 மில்லிக்கு மேல் போகவில்லை. மூடியில் அளவுக்கோடு இல்லாததால், இருமல் மருந்தோடு வரும் சின்னக் கிண்ணத்தில் அளந்தேன்.

இனி பலன். ஊற்ற ஆரம்பித்த இரண்டாவது வாரமே வித்தியாசம் தெரிந்தது. புதிதாக வந்த இலைகள் அகலமாக, கரும்பச்சையாக, கணுவுக்குக் கணு பக்கத் துளிரோடு வந்தன. புண்ணாக்குச் செடிகளும் வளர்ந்தன, ஆனால் சற்றுப் பின்தங்கி. புண்ணாக்கில் ஏறக்குறைய 7 சதவீதம் தழைச்சத்து இருந்தாலும் அது மண்ணில் மக்கிய பிறகுதான் வேருக்குக் கிடைக்கும். மீன் அமிலத்தில் புரதம் முன்பே உடைந்திருக்கிறது. வேகத்துக்குக் காரணம் அதுதான், மாயம் எதுவும் இல்லை.

பூக்கும் பருவத்தில்தான் லேபிளின் சாயம் வெளுத்தது. மிளகாய்ச் செடியின் தண்டு முதன்முதலாக இரண்டாகப் பிரியும் கவட்டில்தான் முதல் மொட்டு உட்காரும். மொட்டு தெரிந்ததும் சில பைகளுக்கு மீன் அமிலத்தை நிறுத்தினேன். மற்றவற்றுக்கு லேபிள் சொன்னபடி வாராவாரம் ஊற்றினேன். தொடர்ந்து குடித்த செடிகள் இலைமேல் இலையாகத் தழைத்துக் கண்ணுக்குக் குளிர்ச்சியாக நின்றன. காயோ அங்கொன்றும் இங்கொன்றும்தான். நிறுத்திய செடிகளில் கவட்டுக்குக் கவட்டு காய் தொங்கியது. தழைச்சத்து மிஞ்சினால் செடிக்குக் காய்க்கும் நினைப்பு வராது. மொட்டு விட்டபின் வேண்டியது சாம்பல்சத்து. பைக்கு ஒரு தேக்கரண்டி மரச்சாம்பல் போடலாம், ஆனால் எங்கள் ஆழ்குழாய்த் தண்ணீர் ஏற்கெனவே காரத்தன்மை உள்ளது. சாம்பல் அதைக் கூட்டும். ஆகவே நான் 0:0:50 பொட்டாஷை (தழைச்சத்து இல்லாமல் 50 சதவீதம் சாம்பல்சத்து உள்ள ரசாயன உரம்) லிட்டருக்கு 3 கிராம் கலந்து கொடுத்தேன். இயற்கை வழி நண்பர்கள் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

சித்திரை வெயிலில் பூ உதிர்வதற்கும் இதுவே மருந்து என்றார் கடைக்காரர். வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் கெட்டுப் பூ உதிரத்தான் செய்யும். அதற்குப் பாட்டில் உதவாது, நிழல்வலை கட்ட வேண்டும். இலைச்சுருட்டையும் சரியாகும் என்றார். இலை மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கிக் கவிழ்ந்தால் சிலந்திப்பேன். வெள்ளை ஈ கொண்டுவரும் வைரஸ் என்றால் செடியைப் பிடுங்கிவிட வேண்டியதுதான். இதில் எதற்கும் மீன் அமிலத்துக்கும் சம்பந்தம் இல்லை. சொல்லப்போனால், தழைச்சத்தில் பெருத்த இளந்துளிரைத்தான் சாறு உறிஞ்சும் பூச்சியான அசுவினி தேடி வருகிறது. இலைமேல் தெளித்தால் வெல்லப் பிசுக்குக்கு எறும்பும் வருகிறது. வந்த எறும்பு அசுவினிக்குக் காவல் நிற்கிறது. அதனால் இதைத் தெளிப்பதைவிட வேரில் ஊற்றுவதே மேல். பேன்களுக்கு வேப்பெண்ணெய்க் கரைசல் தனி.

என் மதிப்பெண் ஐந்துக்கு மூன்று. லேபிளில் தேதியும் சத்தின் அளவும் போட்டு, "பூக்கும்வரை மட்டும்" என்று ஒரு வரி சேர்த்தால் நான்கு கொடுப்பேன். கீரையும் கறிவேப்பிலையும் வைத்திருப்பவர்கள் தயங்காமல் வாங்கலாம், அவர்களுக்கு இலைதானே வேண்டும். மிளகாய் மட்டும் வைத்திருப்பவர்களுக்குப் புண்ணாக்கே போதும். அவசரம் இருந்தால் இது. ஜன்னலுக்கு ஜன்னல் ஒட்டிய அடுக்குமாடியில் பால்கனித் தோட்டம் வைத்திருப்பவர்கள் யோசித்து வாங்குங்கள். ஒரு லிட்டர் பாட்டில் எடுத்தால் விலை குறைவு என்று கடையில் சொல்வார்கள், வேண்டாம். 5 மில்லி கணக்கில் அரை லிட்டரே 100 லிட்டர் கரைசலுக்கு வரும். வாங்கி வந்ததும் நிழலில் வைத்து, முதல் சில நாட்கள் மூடியை இறுக்காமல் விடுங்கள்.