மேடேக்கா, மீலேயா? பண்ணைக் கருவியிலிருந்து வந்த இரண்டு வாஷிங் மெஷின் கம்பெனிகள்

இரண்டுமே விவசாயிகளுக்குக் கருவி செய்து பிழைத்தவை. அமெரிக்காவின் அயோவா மாநிலம் நியூட்டனில் 1893-ல் தொடங்கிய மேடேக், கதிரடிக்கும் இயந்திரத்துக்குள் கதிர்க்கட்டைத் தள்ளும் கருவி செய்தது. 1899-ல் ஜெர்மனியில் கார்ல் மீலேயும் ரைன்ஹார்ட் ட்ஸின்கானும் தொடங்கிய மீலே, பாலிலிருந்து கிரீம் பிரிக்கும் இயந்திரம் செய்தது. மரத்தொட்டி வாஷிங் மெஷினை மீலே 1901-ல் கொண்டுவந்தது, மேடேக் 1907-ல். பண்ணைக் கருவி பருவத்துக்குத்தான் விற்கும்; மீதி மாதங்களில் பட்டறை சும்மா கிடக்கக்கூடாது என்பதே மேடேக்கின் கணக்கு.

மேடேக்கின் பெரிய பாய்ச்சல் 1922. துணியைக் கலக்கும் அஜிடேட்டரை மூடியிலிருந்து கழற்றித் தொட்டியின் அடியில் வைத்தார்கள். துணியை இழுத்து அலசுவதற்குப் பதில் தண்ணீரே துணிக்குள் பாய்ந்தது. அதன் பிந்தைய டாப் லோடுகளில் தனி கிளட்ச் கிடையாது. மோட்டார் ஒரு பக்கம் சுற்றினால் அலசும், மறுபக்கம் சுற்றினால் பிழியும். மோட்டார் ஸ்பிரிங் இழுக்கும் சறுக்குத் தட்டில் உட்கார்ந்திருப்பதால், கிளம்பும்போது பெல்ட் கொஞ்சம் வழுக்கிக் கிளட்ச் வேலையைப் பார்த்துக்கொள்ளும். பெல்ட் நன்றாக இருந்தும் பிழியும் வேகம் குறைந்தால், அந்தத் தட்டின் பிளாஸ்டிக் சறுக்கிகள் தேய்ந்திருக்கின்றனவா, காய்ந்திருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். தொட்டியின் நடு சீல் கசிந்தால் மட்டும் தள்ளிப்போடாதீர்கள். தண்ணீர் பேரிங்குக்கு இறங்கிவிடும்.

மீலே நம்பியது எடையை. தொட்டி ஆடாமலிருக்கப் பலர் கான்கிரீட் கட்டி வைக்கும் இடத்தில் இவர்கள் வார்ப்பிரும்பு வைத்தார்கள். 20 ஆண்டு உழைப்புக்குச் சோதிப்பதாகச் சொல்வது வெறும் விளம்பர வாசகம் அல்ல: வாரம் 5 முறை, ஒரு முறைக்குச் சுமார் 2 மணி நேரம் என்றால் 10,000 மணி நேரம். பழைய மாடல்களில் டிரம் சுற்றாமல் நின்றால் பெரும்பாலும் மோட்டாருக்குள் மின்சாரம் கடத்தும் இரண்டு கார்பன் பிரஷ்கள் தேய்ந்திருக்கும். இரண்டையும் ஜோடியாக மாற்ற வேண்டும்.

தண்ணீர்ச் செலவில் போட்டியே இல்லை. அஜிடேட்டர் டாப் லோடு ஒரு முறைக்கு 150 லிட்டர் வரை குடிக்கும்; மீலேயுடையது போன்ற ஃப்ரண்ட் லோடுக்கு அதில் மூன்றிலொரு பங்கு போதும். மேடேக் சறுக்கியதும் இந்த ஃப்ரண்ட் லோடில்தான். 1997-ல் வந்த அதன் நெப்டியூன் ஃப்ரண்ட் லோடில் கதவு ரப்பரில் பூஞ்சை பிடித்தது. வழக்கு வரை போனது. கதவைப் பூட்டும் வாக்ஸ் மோட்டார் (மெழுகு சூடாகி விரிந்து தள்ளும் சின்ன உதிரி) உள்ளே ஷார்ட் ஆகி, கன்ட்ரோல் போர்டையும் எரித்தது. போர்டை மட்டும் மாற்றியவர்களுக்குப் புதிய போர்டும் போனது. இரண்டையும் சேர்த்து மாற்றுவதே வழி.

2006-ல் வேர்ல்பூல் மேடேக்கை வாங்கியது. அடுத்த ஆண்டே நியூட்டன் ஆலை மூடப்பட்டது. மீலே இன்றும் அதைத் தொடங்கிய இருவரின் குடும்பங்கள் கையில்தான். ஆனால் வீட்டு வாஷிங் மெஷின் தயாரிப்பில் பெரும்பகுதியைப் போலந்துக்கு மாற்றப்போவதாக 2024-ல் அறிவித்தது.

கையால் பழுது பார்க்கப் பிடிக்கும் என்றால் பழைய மேடேக் டாப் லோடு. தண்ணீரும் துணியும் முக்கியம் என்றால் மீலே. புது மேடேக்கை வேர்ல்பூலாகவே எண்ணி விலை பேசுங்கள். மேலே சொன்ன சறுக்குத் தட்டை அதில் தேட வேண்டாம்.