கல்யாண நாளுக்கு ஊட்டி மலை ரயில்: ஏறும்போது ரயில், இறங்கும்போது பஸ்

மேட்டுப்பாளையத்தில் காலை 7.10-க்குக் கிளம்பும் நீலகிரி மலை ரயில், ஊட்டி போய்ச் சேர மதியம் 12 மணி ஆகும். தூரம் 46 கிலோமீட்டர்தான். பஸ் இரண்டு மணி நேரத்தில் ஏறிவிடும். போன் சிக்னல் விட்டுவிட்டு வரும் காட்டுக்குள், கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் ஒரே ஜன்னலோரம் சேர்ந்து உட்கார ஆசைப்படும் தம்பதிக்கு இதைவிட நல்ல கொண்டாட்டம் தமிழ்நாட்டில் இல்லை. ஆனால் இரண்டு விஷயங்களைச் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும்: மாதம், போகும் திசை.

முதலில் மாதம். ஐப்பசியில் கல்யாணமானவர்கள் கவனிக்கவும். உங்கள் நாள் வடகிழக்குப் பருவமழைக்குள் விழுகிறது. கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே மண் சரிந்து, பாறை உருண்டு தண்டவாளத்தில் விழுவது அந்த மாதங்களில் வழக்கம். ரயில் நாள் கணக்கில் ரத்தாகும். டிக்கெட் பணம் திரும்பி வரும், கல்யாண நாள் வராது. வைகாசிக்காரர்களுக்கு வேறு சிக்கல்: கோடை சீசன், மலர்க் கண்காட்சிக் கூட்டம். தை மாதத்தில் நாள் வருபவர்கள்தான் கொடுத்துவைத்தவர்கள். வானம் தெளிவாக இருக்கும். குளிர் மட்டும் கடுமை, ஸ்வெட்டர் கைப்பையிலேயே இருக்கட்டும். மற்றவர்கள் பஞ்சாங்கத் தேதியை விட்டுக்கொடுத்து, பக்கத்திலுள்ள ஒரு வேலை நாளைப் பிடிப்பது நல்லது.

முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும். திறக்கும் அன்றே காலையில் போட்டுவிடுங்கள். பெட்டிகள் குறைவு என்பதால் வெயிட்டிங் லிஸ்ட் நகர்வது அபூர்வம். முன்பதிவில்லாத இருக்கைகள் கொஞ்சம் உண்டு. அவற்றை நம்பி விடிகாலையில் வரிசையில் நின்றாலும் இருவருக்கும் ஒரே இடத்தில் கிடைக்கும் என்பது நிச்சயமில்லை. சென்னையிலிருந்து வருபவர்களுக்கு நீலகிரி எக்ஸ்பிரஸ் காலை ஆறேகால் வாக்கில் மேட்டுப்பாளையம் சேரும். அங்கேயே பல் துலக்கி, இட்லி சாப்பிட்டு ஏறலாம்.

அடுத்தது திசை. மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும்போது இன்ஜின் பின்னாலிருந்து தள்ளுகிறது. முதல் வகுப்பு முன்பெட்டியில் இருப்பதால் எதிரே தண்டவாளமும் மலையும் திறந்து கிடக்கும். கொடியோடு முன்னால் நிற்கும் பிரேக்ஸ்மேன்தான் பின்னால் இருக்கும் டிரைவருக்குக் கண். மதியம் 2 மணிக்கு ஊட்டியிலிருந்து இறங்கும் ரயிலில் நிலைமை தலைகீழ். குன்னூருக்குக் கீழே நீராவி இன்ஜின் முன்னால் வரும், புகையும் கரித்துகளும் ஜன்னல் வழியே உள்ளே வரும். படத்துக்காகப் பட்டுப்புடவையும் வெள்ளை வேட்டியும் கட்டுவதென்றால் ஏறும் ரயிலுக்குக் கட்டுங்கள். அதிலும் கடைசிப் பெட்டி என்றால் வேண்டாம்.

கல்லாறு வரை சுமார் 7 கிலோமீட்டர் பாக்குத் தோப்புகளுக்கு நடுவே சமதளம். அதன்பின் தண்டவாளத்தின் நடுவில் இரட்டைப் பல்சட்டம் தொடங்குகிறது. பன்னிரண்டு அடிக்கு ஓரடி உயரும் ஏற்றத்தில் சக்கரம் வழுக்காமலிருக்க, இன்ஜினின் பல்சக்கரம் அந்தச் சட்டத்தைக் கவ்வி ஏறும். அந்த இடத்தில் இன்ஜினின் சத்தமே மாறும். பேச்சை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். 1899-ல் குன்னூர் வரை திறக்கப்பட்ட பாதை இது. ஊட்டிக்கு 1908-ல் போனது. 2005-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமானது. முழுப் பாதையிலும் 16 குகைகள், 250 பாலங்கள், 208 வளைவுகள். எந்தப் பக்க ஜன்னல் என்று அதிகம் கவலைப்பட வேண்டாம், பள்ளத்தாக்கு பக்கம் மாறி மாறி வரும்.

குறைகளும் உண்டு. பெட்டிக்குள் கழிவறை கிடையாது. கிளம்புமுன் போய்விட்டு வருவது முக்கியம், அடுத்த நல்ல வாய்ப்பு குன்னூர். இரண்டாம் வகுப்பில் எதிரெதிர் இருக்கை, முழங்கால் இடிக்கும். பெரிய சூட்கேசுக்கு இடமில்லை. ஆளுக்கொரு தோள்பை போதும். இன்ஜின் தண்ணீர் பிடிக்க ஹில்குரோவில் நிற்கும்போது இறங்கலாம், ஆனால் கையில் பிஸ்கட்டோ கேக் பெட்டியோ தெரிந்தால் குரங்கு பிடுங்கிவிடும். கேக்கை ஊட்டி அறையில் வெட்டிக்கொள்ளுங்கள். ரயிலில் மெழுகுவத்தி ஏற்றுவது ஆபத்து, சட்டப்படி குற்றமும் கூட. ரயிலுக்குள் மல்லிகைச் சரமும் பிளாஸ்க் காப்பியும் போதும்.

குன்னூரில் டீசல் இன்ஜினுக்கு மாற்றுவார்கள். அந்த இடைவெளியில் சூடான டீயும் வர்க்கியும் வாங்கலாம். அதன்பின் அருவங்காடு, கேத்தி, லவ்டேல். கேத்தி பள்ளத்தாக்கு வரும்போது தூங்கிவிடாதீர்கள், பலர் அங்கேதான் அசந்துபோகிறார்கள். முழுப் பயணத்துக்கு டிக்கெட் கிடைக்கவில்லையா? குன்னூர்–ஊட்டி மட்டும் போகும் ரயில்கள் தினமும் சில உண்டு. ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான். நீராவியும் பல்சட்டமும் இருக்காது, ஆனால் தேயிலைத் தோட்டங்கள் இந்தப் பகுதியில்தான் நிறைய.

ரயிலையே மொத்தமாக வாடகைக்கு எடுக்கவும் வழியுண்டு. 2018-ல் ஒரு பிரிட்டிஷ் தம்பதி தேனிலவுக்கு அப்படித்தான் வந்தார்கள். செலவு லட்சக்கணக்கில் ஆகும் என்பதால், சொந்தபந்தத்தோடு கொண்டாடும் வெள்ளிவிழாவுக்கு வேண்டுமானால் யோசிக்கலாம். இருவருக்கு முதல் வகுப்பில் இரண்டு சீட்டே தாராளம்.

திரும்புவதற்கு ஊட்டி பஸ் நிலையத்தில் மேட்டுப்பாளையம் வண்டி அடிக்கடி உண்டு. சொந்தக் காரை மேலே வரவழைப்பதானால் நீலகிரிக்கான இ-பாஸை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள்.