காகிதம், பாலிப்ரொப்பிலீன், அலுமினியம்: ஆறரை அங்குல வூஃபருக்கு எந்தக் கூம்பு?

வூஃபர் என்பது தாழ்ந்த சுரங்களை ஒலிக்கும் ஸ்பீக்கர். எந்தப் பொருளில் செய்தாலும், ஓர் அதிர்வெண்ணுக்கு மேல் அதன் கூம்பு ஒரே துண்டாக அசைவதை விட்டுவிடும். கூம்பை இயக்கும் கம்பிச்சுருளான வாய்ஸ் காயில் அதன் கழுத்தை முன்னே தள்ளும்போது விளிம்பு பின்னே போகும். இதுதான் பிரேக்அப். அது எங்கே தொடங்குகிறது, எவ்வளவு கத்துகிறது என்பதை வைத்தே கூம்பை எடைபோட வேண்டும். பெட்டியில் அச்சிட்ட பொருளின் பெயர் அதற்குப் பிறகுதான்.

விறைப்பு, எடை, அதிர்வை உள்ளேயே விழுங்கும் தணிப்பு ஆகிய மூன்றும் ஒரே பொருளில் சேர்ந்து அமைவதில்லை. விறைப்பைக் குறிக்கும் யங் குணகம் அலுமினியத்துக்குச் சுமார் 70 கிகாபாஸ்கல், பாலிப்ரொப்பிலீனுக்கு ஒன்றரையை ஒட்டி. அடர்த்தியையும் கணக்கில் எடுத்தால், ஒலி அலுமினியத்துக்குள் நொடிக்கு ஏறக்குறைய 5000 மீட்டரும் பாலிப்ரொப்பிலீனுக்குள் 1300 மீட்டரும் ஓடுகிறது. அதனால் உலோகக் கூம்பு அதிக அதிர்வெண் வரை கட்டுக்குலையாமல் அசையும்.

இங்கே காகிதத்தைக் குறைத்து மதிப்பிடுவோர் பலர். அதன் அடர்த்தி அலுமினியத்தில் கால்பங்குக்கும் குறைவு. ஆகவே அதே எடையில் நாலு மடங்குக்கு மேல் தடிப்பாகச் செய்யலாம். வளைவதை எதிர்க்கும் வலு தடிப்பின் மும்மடிக்கு ஏற்ப ஏறுவதால், தட்டையான தகடாக இருந்தால் காகிதமே ஜெயிக்கும். கூம்பு வடிவத்தில் மட்டும், நீட்சியை எதிர்க்கும் வலுவும் சேர்ந்துகொள்ள, உலோகம் மறுபடி முந்துகிறது.

ஆனால் முந்துவதற்கு ஒரு விலை உண்டு. ஆறரை அங்குல அலுமினியக் கூம்பில் பெரும்பாலும் 5 முதல் 8 கிலோஹெர்ட்ஸுக்குள் ஒலி அளவில் ஒரு கூர்மையான முகடு எழும். 10 டெசிபல் தாண்டுவது சாதாரணம். தணிப்பு இல்லாத உலோகம் மணிபோல ஒலிக்கிறது. முகடு 6 கிலோஹெர்ட்ஸில் இருந்தால், 2 கிலோஹெர்ட்ஸ் சுரத்தின் மூன்றாம் ஹார்மானிக் (அதன் மும்மடங்கு அதிர்வெண்ணில் பிறக்கும் பிழை ஒலி) நேராக அதன்மேல் விழும். 'உலோகச் சத்தம்' என்று காது குறை சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.

பரிகாரம் கிராஸ்ஓவரில், அதாவது அதிர்வெண்களை ஸ்பீக்கர்களுக்குப் பிரித்தனுப்பும் மின்சுற்றில். வூஃபருக்குத் தொடராக 1.5 மில்லிஹென்றி காயில் இருந்தால், அதற்கு இணையாக 0.47 மைக்ரோஃபாரட் மின்தேக்கியைப் போடுங்கள். இரண்டும் சேர்ந்து 6 கிலோஹெர்ட்ஸில் அடைக்கும். ஹார்மானிக் பிறப்பது ஸ்பீக்கருக்குள் என்பதால், உள்ளே வரும் சிக்னலை வடிகட்டுவது மட்டும் போதாதே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் தொடராக உள்ள இந்த அடைப்பு அந்த அதிர்வெண்ணில் இம்பீடன்ஸை (மாறும் மின்னோட்டத்துக்கு எதிரான தடையை) உயர்த்தி, அந்த ஹார்மானிக்கை உண்டாக்கும் பிழை மின்னோட்டத்தையும் கொஞ்சம் மட்டுப்படுத்துகிறது. மீதியைச் சமாளிக்க, 2 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழேயே, உயர்ந்த சுரங்களை ஒலிக்கும் ட்வீட்டரிடம் கைமாற்றிவிடுங்கள்.

காகிதம் முன்னதாகவே குலைகிறது, ஆனால் இழைகள் அதிர்வை விழுங்குவதால் சிறு அலைகளாகச் சிதறிவிடும். எளிய கிராஸ்ஓவரே போதும். அதன் எதிரி ஈரம்: ஈரத்தை உறிஞ்சினால் எடை கூடும், ஒத்திசைவு அதிர்வெண் இறங்கும். அதற்காக மேலே வார்னிஷை அள்ளிப் பூசினால், சென்சிட்டிவிட்டி (அதே மின்சாரத்துக்கு வரும் ஒலி அளவு) குறைவதுதான் பலன்.

பாலிப்ரொப்பிலீன் பிபிசி ஆராய்ச்சிப் பிரிவில் இருந்த டட்லி ஹார்வுட் வழியாக 1970களில் கூம்புக்கு வந்தது. அதற்கு முன் இருந்த பெக்ஸ்ட்ரீன் என்ற பிளாஸ்டிக்குக்குத் தணிப்புப் பசை பூச வேண்டியிருந்தது. இதற்கு அது தேவைப்படவில்லை. உயர் அதிர்வெண் முனை வழவழப்பாக இறங்கும், ஈரம் தொடாது. ஆனால் பசை ஒட்டாது. கூம்பின் விளிம்பைத் தாங்கும் வளையமான சர்ரவுண்டை மாற்றும்போது, பாலியோலிஃபின் பிரைமர் (இத்தகைய பிளாஸ்டிக்கில் பசை பிடிக்கத் தடவும் திரவம்) தடவாமல் ஒட்டினால் சில நாளில் உரிந்து வரும்.

ஒரு பழியைப் பொருளின் தலையில் போடக்கூடாது. ஆறரை அங்குல வூஃபரில் அசையும் 13 செ.மீ. விட்டமுள்ள கூம்பு எதில் செய்ததானாலும், ஏறத்தாழ 840 ஹெர்ட்ஸிலிருந்து ஒலியைக் குவிக்கத் தொடங்கும். அது அளவின் வேலை. 1 கிலோஹெர்ட்ஸை ஒட்டி வரும் பள்ளமும் பல வேளை கூம்புடையது அல்ல, ரப்பர் சர்ரவுண்டின் ஒத்திசைவு. இம்பீடன்ஸ் கோட்டில் அதே இடத்தில் சிறு சுளிவு தெரியும்.

வடிவத்தில், நேர்க்கோட்டுக் கூம்பைவிட வளைந்த கூம்பில் முகடுகள் தணிந்து பரவும். ஆழமான கூம்பு விறைப்பானது, ஆனால் உள்ளே உள்ள காற்றுக்குழி தனக்கென ஒரு முகட்டை உண்டாக்கும்.

முதல் பெட்டி கட்டுகிறவருக்குப் பூச்சிட்ட காகிதம். அளவெடுக்கத் தெரிந்து கிராஸ்ஓவரில் உழைக்கத் தயாராக இருப்பவருக்கு அலுமினியம். பிரேக்அப்பைப் பார்க்க மைக்கைக் கூம்போடு ஒட்டி வைக்காதீர்கள். இந்த அளவுக்கு அந்த முறை 840 ஹெர்ட்ஸ் வரைதான் நம்பகமானது. அச்சில் ஒரு மீட்டர் தள்ளி வைத்து, சுவர் எதிரொலி வருமுன் அளவை வெட்டிக்கொள்ளுங்கள்.