டிஸ்பென்சர் கழுவ எது: வினிகரா, எலுமிச்சை உப்பா, பிளீச்சா?

கேன் டிஸ்பென்சரில் சேரும் அழுக்கு இரண்டு வகை. ஒன்று, வெந்நீர்க் குழாய் முனையில் வெள்ளையாகப் படியும் உப்பு. சேலத்தில் இதற்குக் குறைவில்லை. மலையடிவாரத்தில் வெள்ளைக்கல் (மேக்னசைட்) கிடைக்கிற ஊர் இது. போர் தண்ணீரில் காய்ச்சும் பாத்திரமெல்லாம் வெளுத்துப்போகும். மேட்டூர்த் தண்ணீர் வராத நாளில், காலி கேனில் போர் தண்ணீரைப் பிடித்துக் கவிழ்க்கும் வீடுகளில் ஹீட்டர் டேங்கும் அதே கதிதான்.

இன்னொன்று வழுவழுப்பு, கிருமிகள் சேர்ந்து பிடிக்கும் படலம். கேனைத் தூக்கிவிட்டு, அது உட்காரும் கிண்ணத்தின் உள்ளோரத்தை விரலால் தடவிப் பாருங்கள். ஆர்.ஓ. கேன் மட்டும் போடும் வீட்டிலும் விரல் வழுக்கும். ஜன்னல் வெயில் படும் இடமென்றால் பச்சையும் பிடித்திருக்கும்.

யாரைக் கேட்டாலும் "வினிகர் ஊத்துங்க, எல்லாம் போயிடும்" என்பார்கள். பாதிதான் போகும். வினிகர் அமிலம், உப்புப் படிவைக் கரைக்கும். கிருமியைக் கொல்ல அதை நம்ப முடியாது. கடை வினிகரில் அசிட்டிக் அமிலம் 4, 5 சதவீதம்தான் என்பதால், தடித்த படிவுக்குப் பாட்டில் பாட்டிலாக ஊற்ற வேண்டிவரும். அப்புறம் அந்த வாடை. உள்ளே இருக்கும் ரப்பர் குழாயில் ஏறினால் லேசில் போகாது.

அதே வேலைக்கு என் ஓட்டு எலுமிச்சை உப்புக்குத்தான், அதாவது சிட்ரிக் அமிலத்துக்கு. செவ்வாய்ப்பேட்டை மளிகைக் கடைகளில் பொட்டலமாகவே கிடைக்கும், வாடை கிடையாது. பிளக்கைப் பிடுங்கி, டேங்க் ஆறியதும் பின்பக்க மூடியைத் திறந்து பழைய தண்ணீரை வடித்து மூடுங்கள். லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி கரைத்து ஊற்றி, வெந்நீர்க் குழாயில் தண்ணீர் வரும்வரை திறந்துவிடுங்கள். அப்போதுதான் டேங்க் நிறைந்திருக்கிறது என்று அர்த்தம். அரை மணி நேரம் கழித்துத் திறந்தால் கலங்கலும் வெள்ளைச் செதிலும் கொட்டும். புளிப்பு போகும்வரை அலசுங்கள். டேங்க் நிறையாமல் ஹீட்டரைப் போட்டுவிடாதீர்கள், சூடாக்கும் கம்பிச்சுருள் எரிந்துபோய்விடும். எலுமிச்சம்பழம் பிழியலாமா என்றால், சக்கையும் சர்க்கரையும் உள்ளே தங்கும், சர்பத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வழுவழுப்புக்கு பிளீச்சை விட்டால் வழியில்லை. முதலில் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். பிறகு 4 லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி, வாசனை சேர்க்காத திரவ பிளீச். இரண்டிலிருந்து ஐந்து நிமிடம் போதும். ஊறப்போட்டால் ஸ்டீல் டேங்கை அரிக்கும். குழாய்கள் வழியாகவே வடித்து, நெடி போகும்வரை அலசுங்கள். பிளீச்சிங் பவுடர் விலை குறைவுதான், ஆனால் அதிலேயே சுண்ணாம்பு இருக்கிறது. வெள்ளையை எடுக்கப் போய் வெள்ளையை ஊற்றுவானேன்?

அமிலத்தையும் பிளீச்சையும் மட்டும் ஒன்றாகக் கலக்கவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும். மூடிய சமையலறையில் மூச்சு அடைக்கும். இரண்டும் தேவைப்பட்டால் இன்று எலுமிச்சை உப்பு, நன்றாக அலசிவிட்டு நாளை பிளீச். இந்த வரிசைக்கும் காரணம் உண்டு: உப்புப் படிவுக்கு அடியில் ஒளிந்திருக்கும் கிருமியை பிளீச் தொடாது.

கேன் தண்ணீர் மட்டும் என்றால் மாதமொருமுறை பிளீச் போதும், எலுமிச்சை உப்பு எப்போதாவது. போர் தண்ணீரும் ஊற்றுகிறவர்கள் இரண்டையும் செய்தாக வேண்டும். ஏற்காட்டில் லீவுக்கு மட்டும் திறக்கும் வீடென்றால், பூட்டும்போதே முழுக்க வடித்துக் காயவிட்டு, கிண்ணத்தை மூடிவிட்டுக் கீழே இறங்குங்கள்.