காட்மன் 12 வண்ணப் பெட்டி: வெள்ளைக் கோட்டுப் பைக்குப் பொருந்துமா?

வின்சர் அண்ட் நியூட்டனின் காட்மன் ஸ்கெட்சர்ஸ் பாக்கெட் பாக்ஸ் மாணவர் தர நீர்வண்ணப் பெட்டி. 12 ஹாஃப் பேன் (சிறு வண்ண வில்லைகள்), ஒரு குட்டிப் பிரஷ், மூடியிலேயே கலவைத் தட்டு. மருத்துவமோ நர்சிங்கோ படிப்பவர்களுக்கும், டியூட்டி நடுவே கிடைக்கும் அரைமணியில் எதையாவது வரைய நினைக்கும் டாக்டர்களுக்கும் தயங்காமல் சொல்லலாம். ஆனால் வாங்கியபடியே வைத்துக்கொண்டால் பாதிப் பயன்தான்.

முதலில் சைனீஸ் வொயிட் என்ற வெள்ளையை வெளியேற்றுங்கள். நீர்வண்ணத்தில் வெள்ளை என்பது தாள்தான். அதைக் கலந்தால் எந்த நிறமும் சுண்ணாம்படித்தாற்போல் மங்கிவிடும். அந்தப் பேனை நெம்பி எடுத்துவிட்டு, அதே காட்மன் வரிசையில் தனியாக விற்கும் பெர்மனன்ட் ரோஸைப் பொருத்தலாம். இந்த ஒரு மாற்றம் ஹிஸ்டாலஜி, அதாவது மைக்ராஸ்கோப்பில் தெரியும் திசுக்களை, வரைபவர்களுக்குப் பெட்டியையே வேறாக்கிவிடும். இயோசின் என்ற சாயம் ஏறிய சைட்டோபிளாசத்தின் (செல்லுக்குள் கருவைச் சுற்றியுள்ள பகுதி) ரோஜா நிறம், பெட்டியிலிருக்கும் அலிசரின் கிரிம்சன் என்ற சிவப்பில் வராது; எவ்வளவு நீர் சேர்த்தாலும் பழுப்புச் சாயல் ஒட்டிக்கொண்டிருக்கும்.

ஸ்லைடு வரையும் முறை இது. ரோஸை நிறைய நீரில் கரைத்துத் திசு முழுவதும் ஒரே பூச்சாகப் பூசுங்கள். கொழுப்புச் செல்கள், இரத்தக்குழாயின் உள்ளிருக்கும் வெற்றிடம் போன்ற இடங்களைத் தாளாகவே விட்டுவிடுங்கள். 10 நிமிடமாவது காயட்டும். புறங்கையால் தொட்டால் குளிர்ச்சி தெரியக்கூடாது. பிறகு அல்ட்ராமரின் நீலம் 2 பங்கு, ரோஸ் 1 பங்கு என்று கெட்டியாகக் கலந்து, பிரஷ் நுனியால் நியூக்ளியஸ்களை (செல் கருக்களை) வையுங்கள். அவசரப்பட்டு ஈரத்தில் வைத்தால் ஊதா பரவி, நியூக்ளியஸின் எல்லையே கரைந்துபோகும். எபிதீலியம் (உறுப்புகளைப் போர்த்தும் திசு) எத்தனை அடுக்கு என்று பிறகு யாராலும் எண்ண முடியாது.

இந்தப் பெட்டி உண்மையில் ஜொலிப்பது தோல் நிறத்தில். பாடநூல் படங்களில் நெடுங்காலமாக வெளிர்தோல்தான் அதிகம். கருந்தோலில் தடிப்பு பளிச்சென்ற சிவப்பாக இராமல் ஊதாவாகவோ அடர்பழுப்பாகவோ தெரியும் என்பது வரைந்து பார்க்கும்போதுதான் கண்ணில் பதிகிறது. பர்ன்ட் அம்பர், பர்ன்ட் சியன்னா என்ற பழுப்புகள் இரண்டும் பெட்டியிலேயே உண்டு. அம்பரோடு அலிசரின் சேர்த்து அடிப்பூச்சு. நிழலுக்கு அதிலேயே அல்ட்ராமரின். பெட்டியில் கறுப்பு இல்லை, அது குறையும் இல்லை: சியன்னாவும் அல்ட்ராமரினும் சேர்ந்தால் எக்ஸ்ரே வரையப் போதுமான அடர்சாம்பல் வந்துவிடும்.

கூடவே வரும் பிரஷ் பொம்மைதான். 4ஆம் எண் வட்டப் பிரஷ் ஒன்று, நுனி கூராகச் சேர்வதாகப் பார்த்து வாங்குங்கள். கைப்பிடிக்குள் நீர் நிரப்பும் வாட்டர் பிரஷ் வசதிதான், ஆனால் கொஞ்சம் அழுத்தினாலே நீர் கொட்டி நியூக்ளியஸ் எல்லாம் குளமாகும். நாள்கணக்கில் தேங்கிய நீரில் கிருமி வளரும் என்பதை மருத்துவம் படிப்பவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தினமும் கொட்டிக் காயவைக்க வேண்டும். எந்தப் பிரஷ்ஷானாலும் வார்டுக்குள் வேண்டாம். நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கும் பழக்கமும் வேண்டாம். வேலை முடிந்ததும் பேன்கள் காயும்வரை மூடியைத் திறந்து வையுங்கள். ஈரத்தோடு மூடினால் பூஞ்சை பிடிக்கும்.

தாளில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். ரெக்கார்டு நோட்டுத் தாள் முதல் பூச்சிலேயே நெளிந்துவிடும். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) தாள் தேவை. நரம்பு, தமனி போன்ற மெல்லிய கோடுகளுக்கு வழவழப்பான ஹாட் பிரஸ் தாள். சொரசொரப்பான கோல்டு பிரஸ்ஸில் கோடு மேடுபள்ளத்தில் விட்டுவிட்டு ஓடும். கோட்டுக்கு நீரில் கரையாத பிக்மென்ட் மை பேனா, முனை அளவு 0.1 அல்லது 0.2. ஜெல் பேனாவின் மீது நீர் பட்டால் பெரும்பாலும் எல்லாம் போச்சு. சானிடைசர் தேய்த்த கையை உலரவிட்டுத்தான் தாளைத் தொட வேண்டும்.

பேஸ்டல் (பொடி வண்ணக் குச்சி) வாங்கலாமா என்று கேட்பவர்களும் உண்டு. அறுவை மருத்துவராக இருந்து ஓவியரான ஹென்றி டாங்க்ஸ், முதல் உலகப் போரில் முகம் சிதைந்த வீரர்களைப் பேஸ்டலில்தான் வரைந்தார். தோலுக்கு அதைவிட இதமான ஊடகம் இல்லை. ஆனால் பொடி உதிரும், வெள்ளைக் கோட்டுத் துணியில் ஒட்டும், பொடியைத் தாளில் நிறுத்தும் ஃபிக்ஸேட்டிவ் அடிக்கக் காற்றோட்டம் வேண்டும். டியூட்டி அறைக்கு அது சரிப்படாது.

எதில் வரைந்தாலும் நோயாளியின் முகம், பச்சை குத்திய அடையாளம், படுக்கை எண் ஆகியவை அனுமதியில்லாமல் தாளில் ஏறக்கூடாது. பெயரை விட்டுவிட்டால் போதும் என்பது தவறான எண்ணம். தழும்பை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவார்கள்.

தேர்வில் 5 நிமிடத்தில் முடிக்க வேண்டிய படங்களுக்கு மட்டும்தான் வண்ணம் தேவை என்றால் இந்தப் பெட்டி வேண்டாம். ஊதா ஒன்றும் ரோஸ் ஒன்றுமாக இரண்டு கலர் பென்சில் போதும். காயக் காத்திருக்கவும் வேண்டாம்.