மூன்றாவது பட்டையை மீட்டுத் தந்த அலுவலகம்

எங்கள் மாவட்ட முன்னாள் படைவீரர் நலன் அலுவலகத்தைப் பற்றி எழுதுகிறேன். 2023 பிப்ரவரி முதல் 2024 மே வரை பதினோரு முறை அந்தப் படி ஏறியிருக்கிறேன். காரியம் ஒன்றுதான்: படையிலிருந்து வெளிவரும்போது தரும் பணிப் பதிவேடான என் டிஸ்சார்ஜ் புத்தகத்தில் ‘நாயக்’ என்று இருந்ததை ‘ஹவில்தார்’ என்று மாற்ற வேண்டும். நாயக்குக்குச் சட்டைக் கையில் இரண்டு பட்டை, அதற்கு அடுத்த பதவியான ஹவில்தாருக்கு மூன்று.

நான் 1979 மார்ச்சில் தரைப்படையில் சேர்ந்து, 2005 மார்ச் 31 அன்று ஓய்வு பெற்றவன். 2001 ஜூனில் ஹவில்தார் ஆனேன். கடைசி நான்கு ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவாகச் சட்டைக் கையில் மூன்று பட்டை தைத்திருந்தேன். பிரிவு உபசாரமாக நடந்த பரா கானா என்ற பெரிய விருந்தில் எடுத்த படத்தில்கூட அந்த மூன்று பட்டையும் தெளிவாகத் தெரியும். ஊருக்கு வந்த சில மாதங்களில் முன்னாள் படைவீரர்களுக்கு வேலை தரும் மாநில அரசு நிறுவனமான டெக்ஸ்கோ மூலம் துணை மின்நிலையம் ஒன்றில் காவலர் வேலை கிடைத்தது. புத்தகத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு பீரோவில் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். ஹவில்தாருக்கு ஆங்கிலத்தில் மூன்றெழுத்துச் சுருக்கம், நாயக்குக்கு இரண்டெழுத்து. மூன்றெழுத்து இருக்க வேண்டிய கட்டத்தில் எவரோ ஓர் எழுத்தர் இரண்டெழுத்தை எழுதியிருந்தார். அந்தப் புத்தகத்தைப் பார்த்துத்தான் மற்ற எல்லாத் தாளும் தயாராகும். ஓய்வூதிய ஆணை, அடையாள அட்டை, கேண்டீன் அட்டை எல்லாவற்றிலும் நான் நாயக்.

ஆரம்பத்தில் ஓய்வூதியத்தில் இருந்த வித்தியாசம் சில நூறு ரூபாய். அதனால் உறைக்கவில்லை. ‘ஒரே பதவி, ஒரே ஓய்வூதியம்’ திட்டத்தில் 2019 ஜூலை முதல் கணக்கிட்டுத் திருத்தம் வருகிறது என்று 2023 தொடக்கத்தில் பேச்சு எழுந்தபோது, என்னோடு ஒரே நாளில் வெளியே வந்த நண்பர் தன் ஓய்வூதியச் சீட்டை எடுத்து வந்தார். அதே பதவி, அதே சம்பளக் குரூப், அதே 26 ஆண்டு. தொகை மட்டும் வேறு. அன்றிரவு பீரோவைத் திறந்து புத்தகத்தைப் பார்த்தேன். என் மனைவிதான் அந்தக் கட்டத்தில் விரலை வைத்துக் காட்டினாள். எனக்குப் பின் அவளுக்கு வரும் குடும்ப ஓய்வூதியமும் இதே பதவியை வைத்துத்தான். என் பிழையில்லாத ஒரு பிழையை அவள் தலையில் ஏற்றிவிட்டுப் போக எனக்கு மனம் இல்லை.

முதலில் நான் போனது அலுவலகத்துக்கு அல்ல. எதிரே ஒரு கடையில் ‘ராணுவ ஓய்வூதிய வேலைகள் செய்து தரப்படும்’ என்று பலகை வைத்திருந்தார்கள். ஐயாயிரம் முன்பணம், நிலுவை வந்ததும் அதில் பத்தில் ஒரு பங்கு என்றார்கள். புத்தகத்தை அவர்களிடமே விட்டுவிட்டுப் போகச் சொன்னபோது கை வரவில்லை. எழுந்து வந்து சாலையைக் கடந்தேன். அன்று சாலையைக் கடந்தது நல்லதாகப் போயிற்று.

அலுவலகத்தில் நல அமைப்பாளர் ஒருவர் இருந்தார். அவரும் படையிலிருந்து சுபேதாராக ஓய்வு பெற்றவர். நான் நின்றபடியே விஷயத்தைச் சொல்லி முடித்தேன். அவர் புத்தகத்தை வாங்கி, பதவிக் கட்டத்தைப் பார்க்கவில்லை. சேர்ந்த தேதியையும் வெளிவந்த தேதியையும் பார்த்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, “உட்காருங்கள் ஹவில்தார்” என்றார். பதினெட்டு ஆண்டுகளில் என்னை அப்படி அழைத்த முதல் அரசு ஊழியர் அவர். அவர் கண்டுபிடித்தது இதுதான்: நீட்டிப்பு இரண்டு ஆண்டையும் சேர்த்தாலும் நாயக் ஒருவர் 24 ஆண்டில் வெளியே வந்துவிட வேண்டும். ஹவில்தாருக்குத்தான் 26. ஆகவே 26 ஆண்டு பணி என்று எழுதி, பக்கத்திலேயே நாயக் என்று எழுதிய புத்தகம் தனக்குத் தானே முரண்படுகிறது. “இது பதவி உயர்வு கேட்கும் மனு அல்ல, எழுத்துப் பிழையைத் திருத்தக் கேட்கும் மனு. அப்படியே எழுதுவோம்” என்றார். இந்த வேறுபாடு பெரியது. பதவி உயர்வு கோரிக்கை என்று எழுதிவிட்டால் அது வேறு மேசைக்குப் போய், காலாவதியான கோரிக்கை என்று திரும்பி வந்துவிடும்.

ஆனால் வெறும் கடிதம் போதாது என்றார். என் ஆவணம் இருக்கும் ரெஜிமெண்ட் ஆவண அலுவலகத்திடமிருந்து ஷீட் ரோல் எனும் பணிப் பதிவுத் தாளின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் வாங்கச் சொன்னார். பத்து ரூபாய் அஞ்சல் ஆணை, ஒரு பக்க விண்ணப்பம். மொழி எனக்குக் கைவராது என்று தெரிந்ததும் அவரே ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து, பதிவுத் தபால் ரசீதைப் பத்திரமாக வைக்கும்படி சொன்னார். ஐந்து வாரத்தில் நகல் வந்தது. அதில் நான் ஹவில்தார் ஆன தேதி, அதை அறிவித்த பகுதி இரண்டு ஆணையின் எண் இரண்டும் இருந்தன. படைப்பிரிவில் நடக்கும் பதவி உயர்வு, திருமணம், குழந்தை பிறப்பு எல்லாம் இந்தப் பகுதி இரண்டு ஆணையில்தான் வெளியாகும். அது இருந்தால் ஆதாரம் கல்லில் செதுக்கியது போல. நான் ஓய்வு பெற்ற காலத்து விதிப்படி, ஒரு பதவியில் கடைசிப் பத்து மாதம் தொடர்ந்து இருந்திருந்தால் அந்தப் பதவிக்குரிய ஓய்வூதியம் உண்டு. எனக்கு 45 மாதம்.

குறை சொல்ல வேண்டிய இடமும் உண்டு. மனு அனுப்பிய பிறகு என்ன ஆயிற்று என்பதை அலுவலகம் தானாகச் சொல்லாது. மே மாதம் வந்த பதில் கடிதம் பதினெட்டு நாள் தபால் தட்டிலேயே கிடந்தது. மூலப் புத்தகத்தை அனுப்பச் சொல்லி வந்த கடிதம் அது. நான் நேரில் போய்க் கேட்டதால்தான் கைக்கு வந்தது. மூட்டு வலியோடு இரண்டு பஸ் மாறி வரும் எழுபது வயதுக்காரர்களுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எவ்வளவு பெரிய உதவி என்பதை உதவி இயக்குநரிடம் எழுதியே கொடுத்திருக்கிறேன். செவ்வாய், வியாழன் தவிர மற்ற நாட்களில் போனால் நல அமைப்பாளர் கிராம முகாமில் இருப்பார். அதையும் வாசலில் எழுதிப் போடலாம்.

மூலப் புத்தகத்தைத் தபாலில் அனுப்ப நான் பயந்தேன். அது தொலைந்தால் நான் படையில் இருந்ததற்கே சாட்சி இல்லை. ஒவ்வொரு பக்கத்தையும் நகல் எடுத்து, அலுவலக முத்திரை இட்டு, ஒரு தொகுப்பை அவர்களே வைத்துக்கொண்ட பிறகுதான் உறையை ஒட்டினேன். அந்த நாலு மாதமும் பீரோவின் அந்த மூலை வெறுமையாக இருந்தது.

நவம்பரில் புத்தகம் திரும்பியது. அலுவலகத்தில் வைத்தே பிரித்தேன். பழைய இரண்டெழுத்தின் மேல் சிவப்பு மையில் ஒரே ஒரு கோடு. அதற்கு மேலே ‘ஹவில்தார்’ என்று, சுருக்கமாக இல்லாமல், முழுதாக எழுதியிருந்தார்கள். பக்கத்தில் ஆவண அதிகாரியின் கையெழுத்து, தேதி, வட்ட முத்திரை. முத்திரையின் மை எதிர்ப் பக்கத்தில் என் பழைய புகைப்படத்தின் ஓரத்திலும் லேசாகப் படிந்திருந்தது. அந்தப் புகைப்படத்தில் எனக்கு நாற்பத்து நான்கு வயது.

அதன்பின் பிரயாக்ராஜ் ஓய்வூதியக் கணக்கு அலுவலகத்திலிருந்து திருத்திய ஓய்வூதிய ஆணை 2024 பிப்ரவரியில் வந்தது. மே மாதம் நிலுவை கணக்கில் விழுந்தது. பிழை அவர்களுடையது என்பது ஆவணத்திலேயே இருந்ததால் 2005 முதலே கணக்கிட்டார்கள். எல்லோருக்கும் இப்படி நடக்கும் என்று எண்ணித் தள்ளிப்போடாதீர்கள். அலுவலகம் மறுத்து, படைவீரர்களின் வழக்குகளை விசாரிக்கும் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் வரை போக நேர்ந்தால், 2008-இல் தர்சேம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, தாமதமாக வந்தவருக்குப் பொதுவாக மனுவுக்கு முந்தைய மூன்று ஆண்டு நிலுவைதான் கிடைக்கும். நம் மாநிலத்தவருக்குச் சென்னையிலேயே அந்தத் தீர்ப்பாயத்தின் கிளை இருக்கிறது. எனக்கு அது தேவைப்படவில்லை.

செலவு மொத்தம் எழுநூறு ரூபாய்க்குள். தபால், நகல், நோட்டரி, பஸ் டிக்கெட் அவ்வளவுதான். அலுவலகத்தில் ஒரு காசு கேட்கவில்லை. ஒருமுறை மனைவி கொடுத்தனுப்பிய முறுக்கைக்கூட நல அமைப்பாளர் பிரித்து, வரிசையில் இருந்த எல்லோருக்கும் கொடுத்தார்.

போகிறவர்கள் டிஸ்சார்ஜ் புத்தகம், ஓய்வூதிய ஆணை, கடைசிச் சம்பளச் சீட்டு கிடைத்தால் அதுவும், ஆதார், வங்கிப் புத்தகம் ஆகியவற்றை எடுத்துப் போங்கள். வீட்டில் ஆங்கிலம் படிக்கத் தெரிந்த பிள்ளை இருந்தால், போகும் முன் புத்தகத்தின் முதல் பக்கத்தை வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். பெயர், பிறந்த தேதி, மனைவி பெயர், பதவி நான்கையும்.

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். ஒன்றைக் குறைத்தது அந்தப் பதினெட்டு நாளுக்காக. அடையாள அட்டையையும் கேண்டீன் அட்டையையும் தனித்தனியாக மாற்ற வேண்டியிருந்தது. அடையாள அட்டை இரண்டு வாரத்தில் கிடைத்துவிட்டது. கேண்டீன் அட்டைக்கு விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன். வரும் செவ்வாய்க்கிழமை படத்தோடு வரச் சொல்லியிருக்கிறார்கள்.