ஷட்டர் லஸ்கருக்கு ஒரு தஞ்சாவூர் தட்டு

தஞ்சாவூரில் கலைத்தட்டு செய்கிற ஒரு சின்னக் கடையைப் பற்றி எழுதுகிறேன். ஒரு குறையும் சொல்ல வேண்டியிருப்பதால் கடைப் பெயரைப் போடவில்லை.

வெண்ணாற்றுப் பாசனத்தில் எங்கள் பக்கத்து மதகுகளைப் பார்த்துக்கொண்டிருந்த லஸ்கர் ஓய்வு பெற்றுப் பல வருடம் ஆகிறது. இந்த வருடம் மேட்டூர் திறக்கிற ஜூன் 12 அன்று அவரைக் கூப்பிட்டு மரியாதை செய்யலாம் என்று ஊரில் பணம் போட்டோம். கரிகாலனுக்குக் கல்லணையில் மணிமண்டபம் இருக்கிறது, வெள்ளைக்கார இன்ஜினியர் ஆர்தர் காட்டன் பெயர் பாடப் புத்தகத்திலேயே வருகிறது, ஆனால் ராத்திரி டார்ச் லைட்டோடு போய் ஷட்டரை ஏற்றி இறக்கி, முறை வைத்துத் தண்ணீர் விட்ட காலத்தில் மேல்மடைக்காரனிடமும் கடைமடைக்காரனிடமும் சேர்த்துத் திட்டு வாங்கிய ஆளுக்கு என்ன செய்தோம்? (2018 ஆகஸ்டில் திருச்சி பக்கத்து முக்கொம்பு அணையில் 9 ஷட்டர் அடித்துக்கொண்டு போனபோதுதான் ஷட்டர் என்று ஒன்று இருப்பதே பல பேருக்குத் தெரிந்தது.)

சரி, கடைக்கு வருகிறேன். முதலில் ஏறிய பெரிய கடையில் பிள்ளையார், மயில், பெரிய கோயில் கோபுரம் என்று ரெடிமேட் தட்டுகளை வரிசையாக எடுத்துப் போட்டார்கள். கீழே 'தங்கள் சேவையைப் பாராட்டி' என்று ஏற்கெனவே அச்சடித்த பட்டை. பேரை மட்டும் சொன்னால் போதுமாம். பேங்க் மேனேஜருக்கும் அதே தட்டு, வாத்தியாருக்கும் அதே தட்டு.

இந்தச் சின்னக் கடையில் வயசான ஆசாரி ஒருவர் கேட்ட முதல் கேள்வி, "என்ன வேலை பார்த்தார் தம்பி?" அதற்கே ஐந்து ஸ்டார் கொடுப்பேன். சொன்னதும் மதகு போட்டோ இருக்கிறதா என்று கேட்டார். தகட்டை அச்சில் வைத்துத் தட்டி உருவம் எடுத்து, பின்பக்கம் அரக்கு அடைத்து, பித்தளைத் தட்டின் மேல் பதிப்பதுதான் இந்த வேலை. சாமி உருவங்களுக்கு அச்சு தயாராக இருக்கும், மதகுக்கு ஏது? தனியாகத்தான் செய்ய வேண்டும், கூலி கூடும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். சுற்றிவர வழக்கமான பூவேலைதான், நடுவில் மட்டும் மூன்று கண் மதகு, ஷட்டர், மேலே திருகுகிற சக்கரம். ஷட்டர் ஒன்று பாதி ஏறி நிற்கிற மாதிரி செய்திருந்தார், அதை நாங்கள் கேட்கவே இல்லை.

குறை என்னவென்றால் பெயர்ப்பட்டை. நாங்கள் எழுதிக் கொடுத்தது பொதுப்பணித்துறை. அதை வெளியில் அடிக்கக் கொடுத்த இடத்தில் யாரோ திருத்துவதாக நினைத்து நீர்வளத்துறை என்று போட்டுவிட்டார்கள். துறை பிரிந்தது 2021-ல், இவர் அதற்கு முன்பே வீட்டுக்கு வந்துவிட்டார். ஆயுசு முழுக்க பி.டபிள்யூ.டி. லஸ்கர் என்றே வாழ்ந்தவரிடம் இதைக் கொடுக்க முடியுமா? காசு வாங்காமல் மாற்றிக் கொடுத்தார்கள், ஆனால் விழாவுக்கு முதல் நாள் சாயங்காலம் வரை வயிற்றைக் கலக்கியது. போன் எடுப்பதும் இல்லை, நேரில்தான் போக வேண்டும்.

விழாவில் லஸ்கர் தட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது எந்த மதகு? நம்ம மதகுல சக்கரம் இடது பக்கமில்ல இருக்கும்" என்றார். போட்டோவை எடுத்துக் காட்டிய பிறகுதான் சரி என்று ஒத்துக்கொண்டார். அப்புறம் எந்த வருடம் எந்தக் கரை உடைந்தது, மணல் மூட்டை எங்கிருந்து வந்தது என்று ஆரம்பித்தவர் சாப்பாட்டுப் பந்தி வரைக்கும் நிறுத்தவில்லை. பட்டையில் அதில் ஒரு வரியாவது சேர்த்திருக்கலாம்.

ஆர்டர் கொடுப்பவர்கள் முகூர்த்த மாதமாகப் பார்த்துப் போகாதீர்கள், தட்டு கைக்கு வர நேரமாகும். பட்டையில் வருகிற வாசகத்தைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்து, அடிப்பதற்கு முன்னால் ஒருமுறை காட்டச் சொல்லுங்கள். கண்ணாடிப் பெட்டிக்குத் தனிக் காசு, பேரம் பேசினால் கொஞ்சம் குறைக்கிறார்கள்.